வட்டம் சுத்த எத்தனை பேர்?

எங்கள் தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம். சொன்ன நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். போன வருஷம் நான் ட்ராக் டே ஒன்றுக்குப் போகப்போவதாக வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "எவ்வளவு?" நான் ரூபாயில் சொன்னேன். அம்மா அதை மனசுக்குள்ளேயே 1,350ஆல் வகுத்துப் பார்த்துவிட்டு, "இருபது பேருக்கு மேல வருதே தம்பி. பொறப்பட்ட எடத்துக்கே திரும்பி வர்ற ரோட்டுல ஓட்டவா இவ்வளவு?" என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் கொழுந்து லொறி ஓட்டி ஓய்வு பெற்றவர். மலையிலிருந்து ஸ்டோருக்கு, ஸ்டோரிலிருந்து மலைக்கு. அவரும் வாழ்நாள் முழுக்க வட்டம் சுற்றியவர்தான். காசு வாங்கிக்கொண்டு சுற்றினார், நான் காசு கொடுத்துச் சுற்றப் போகிறேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

ட்ராக் டே என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். அது பந்தயம் இல்லை. முதலாம் இடம், இரண்டாம் இடம், கிண்ணம் எதுவும் கிடையாது. ஒரு கொம்பனியோ கழகமோ பந்தயப் பாதை ஒன்றை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுக்கும். நாம் கட்டணம் கட்டி, நம்முடைய சொந்தக் காரைக் கொண்டுபோய், எதிரே பஸ் வராத, நாய் குறுக்கே ஓடாத பாதையில் ஓட்டிவிட்டு வரலாம். ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று 20.8 கிலோமீற்றர் நீளமான பழைய பாதை ஒன்று இருக்கிறது. பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் நாட்களில் டிக்கட் எடுத்து யாரும் தன் காரை ஓட்டலாம். சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பாதை உண்டு. கோயம்புத்தூரில் கரிவரதன் பெயரில் ஒரு பாதை உண்டு. 2005இல் பார்முலா 1 ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன் அந்த ஊர்க்காரர். ஆனால் என் கார் கடல் தாண்டாது. நமக்குக் கட்டுக்குருந்ததான். களுத்துறைக்குப் பக்கத்தில், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்காகப் போட்ட ஓடுதளம் அது. பதுளையிலிருந்து 200 கிலோமீற்றருக்கு மேல்.

என் கார் நிசான் மார்ச், கே-11. என்னைவிட இரண்டு வயது மூத்தது. 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு இப்படிப்பட்ட கிழட்டுக் கார்களுக்கும் யானை விலை. லீசிங்கில்தான் எடுத்தேன். 1,000 சீசீ என்ஜினை வைத்துக்கொண்டு ட்ராக்கில் என்ன கிழிக்கப் போகிறாய் என்று கேட்காத ஆள் இல்லை.

ஏன் போக நினைத்தேன் என்பதை உண்மையாகச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் நாலைந்து பொடியன்கள் இரவு பத்து மணிக்குப் பிறகு பசறை வீதியில் ஓட்டுவோம். ஒருவன் போய்ச் சேர்ந்த நேரத்தை மற்றவன் உடைக்க வேண்டும். ஒரு நாள் ஒரு முடக்கில் திரும்பும்போது டோர்ச் வெளிச்சம் தெரிந்தது. தோட்டத்துக் காவல்காரர், வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். பிரேக்கை மிதித்தேன், டயர் வழுக்கியது, கார் அவருக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. அவர் ஏசவில்லை. கண்ணாடிக்குள் டோர்ச் அடித்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மெதுவா போங்க தம்பி. இந்த ரோட்டுல செத்தது போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் எதைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். 2021 மார்ச் 20ஆம் திகதி காலை, லுணுகலையிலிருந்து பசறைப் பக்கம் வந்த பஸ் 13ஆம் கட்டையில் பள்ளத்தில் விழுந்தது. பதினான்கு பேருக்குக் குறையாமல் செத்தார்கள். அந்தப் பாதையில் தினமும் போய்வரும் எங்களில் எவருக்கும் அந்த இடத்தைக் கடக்கும்போது பேச்சு வராது. அப்படிப்பட்ட ரோட்டில்தான் நான் செக்கன் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றோடு விட்டேன். ஆனால் ஓட்டும் ஆசை விடவில்லை. ஆசையை அடக்கு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அதற்கு ஓர் இடம் தேடுவதுதான் புத்தி என்று எனக்குப் பட்டது.

இடம் என்று தேடினால் ஊவாவில் எல்லாரும் சொல்வது தியத்தலாவையின் பொக்ஸ் ஹில்லைத்தான். அது ட்ராக் டேக்குப் போகிற இடமில்லை, பந்தயம் பார்க்கப் போகிற இடம். 2024 ஏப்ரல் 21 ஞாயிற்றுக்கிழமை, புத்தாண்டு விடுமுறை முடிகிற நேரம், நானும் சித்தி மகனும் போயிருந்தோம். சனம் என்றால் அப்படிச் சனம். அன்று பாதையில் ஒரு கார் புரண்டது. பின்னால் வருகிறவர்களை எச்சரிக்க அதிகாரிகள் மஞ்சள் சைகை காட்டிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கார் பாதையை விட்டு விலகி, ஓரத்தில் நின்றவர்கள் மேல் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஒன்று எட்டு வயதுப் பிள்ளை. பந்தய வேலையில் இருந்தவர்களும் இறந்தார்கள். நாங்கள் நின்றது வேறு பக்கம். எங்களுக்குத் தெரிந்தது தூசியும், சனம் ஓடியதும், அம்புலன்ஸ் சத்தமும்தான். சித்தி மகன் என் கையை விடவே இல்லை. பண்டாரவளை வரும் வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று விளங்கியது. ரோட்டை விட்டு ட்ராக்குக்குப் போனால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. யார் நடத்துகிறார்கள், எப்படி நடத்துகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. எனவே கொம்பனி தெரிவு செய்கிற விஷயத்தை, பொண்ணு பார்க்கிற வீட்டுக்காரர் மாதிரி விசாரித்துத்தான் செய்தேன்.

முதலில் பேசிய கொம்பனியின் படங்கள் பிரமாதம். மேலேயிருந்து ட்ரோனில் எடுத்த வீடியோ, பாட்டு, புகை. கட்டணமும் குறைவு, அம்மாவின் கணக்கில் பதினான்கு பேர். போன் பண்ணிக் கேட்டேன். அம்புலன்ஸ் நிற்குமா? "ஆஸ்பத்திரி பக்கத்துலதான் பிரதர்." ஒரே நேரத்தில் எத்தனை கார் விடுவீங்க? "வர்றவங்க எல்லாரும் ஓட்டலாம், டைம் லிமிட் இல்ல." கொடி காட்ட ஆள் இருக்குமா? "நம்ம பொடியன்க இருப்பாங்க." கடைசியில் நான் கேட்காமலேயே சொன்னார்: "பெமிலியையும் கூட்டிட்டு வாங்க. ட்ராக் ஓரத்துல நின்னு வீடியோ எடுக்கலாம்."

அந்தக் கடைசிப் பதிலோடு போனை வைத்தேன். ட்ராக் ஓரத்தில் நிற்பது என்றால் என்னவென்று நான் தியத்தலாவையில் பார்த்துவிட்டேன்.

இரண்டாவது இடத்தில் கதை தலைகீழ். நான் கேட்டதைவிட அவர்கள் கேட்டதுதான் அதிகம். என்ன கார்? டயர் எந்த வருஷம் செய்தது? பிரேக் ஒயில் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? இதற்கு முன்பு ட்ராக்கில் ஓட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் புதியவர்களின் குழுவில்தான் போடுவோம், முதல் மூன்று சுற்று எங்கள் கார் முன்னால் போகும், அதைத் தாண்டக் கூடாது, சம்மதமா? இதைக் கேட்டு முதலில் எனக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது உண்மை. மலை ரோட்டில் ஓட்டிப் பழகியவனுக்கு வழிகாட்ட ஒருத்தனா? பிறகு யோசித்தேன். என்னைப் பற்றி இவ்வளவு விசாரிக்கிறவர்கள், என் பின்னால் வரப்போகிறவனையும் இப்படித்தானே விசாரித்திருப்பார்கள்? கட்டணம் இருபத்திரண்டு பேர். ஆனாலும் அங்கேதான் மனசு நின்றது.

நான் கேட்டவற்றை இங்கே எழுதிவைக்கிறேன், நாளைக்கு உங்களில் யாருக்காவது உதவும். ஒரே நேரத்தில் பாதையில் எத்தனை கார்? எண்ணிக்கை சொல்ல முடியாதவர்களை விட்டுவிடுங்கள். புதியவர்களும் பழையவர்களும் தனித்தனி நேரமா? முந்துவது எப்படி? சரியான இடங்களில், புதியவர்களின் குழுவில் நேர்ப்பாதையில் மட்டும்தான் முந்தலாம், அதுவும் முன்னால் போகிறவர் கையோ சிக்னலோ காட்டி வழிவிட்ட பிறகு. வளைவுகளில் கொடியோடு ஆள் நிற்பாரா, அவருக்கு வோக்கி டோக்கி இருக்குமா? அம்புலன்ஸும் தீயணைப்புச் சாமானும் காலையிலிருந்து முடியும்வரை அங்கேயே நிற்குமா? அம்புலன்ஸ் யாரையாவது ஏற்றிக்கொண்டு வெளியே போனால் ஓட்டத்தை நிறுத்துவீர்களா? இந்தக் கேள்விக்கு "ஆமாம், அடுத்தது வரும்வரை ஒரு சக்கரமும் உருளாது" என்று பதில் வர வேண்டும். பார்க்க வருகிறவர்கள் எங்கே நிற்பார்கள்? மழை வந்து நிறுத்தினால் காசு என்னவாகும்? இதில் ஒன்றுக்கும் "பார்த்துக்கலாம்" என்ற பதில் செல்லாது.

அடுத்தது கடுதாசி. என் காரின் காப்புறுதிப் பொலிசியை முதல் தடவையாக முழுக்க வாசித்தேன். பந்தயம், வேகச் சோதனை போன்றவற்றில் வரும் சேதத்துக்கு நட்டஈடு இல்லை என்று சின்ன எழுத்தில் இருந்தது. பெரும்பாலான பொலிசிகளில் இப்படித்தான் இருக்கும், உங்களுடையதையும் எடுத்துப் பாருங்கள். லீசிங் கார் என்றால் இன்னும் மோசம். ட்ராக்கில் கார் நொறுங்கினால் காரும் இல்லை, காப்புறுதியும் இல்லை, மாசத் தவணை மட்டும் உயிரோடு இருக்கும். அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். கடைசித் தவணையைக் கட்டி முடிக்கும்வரை ஏழு மாசம் காத்திருந்தேன். அந்த ஏழு மாசமும்தான் இந்தக் கதையிலேயே கஷ்டமான பகுதி.

ஒப்பமிட வேண்டிய படிவம் எட்டுப் பக்கம், எல்லாம் இங்கிலீஷ். தமிழில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. சிங்களத்திலும் இல்லை. எங்கள் வீடுகளில் இது புதுசில்லை. அப்பாவின் சேமலாபக் கடுதாசியிலிருந்து லீசிங் கடுதாசி வரைக்கும், வாசிக்க முடியாத மொழியில்தானே எல்லாவற்றுக்கும் கையெழுத்து வைத்திருக்கிறோம். இந்த முறை விடக் கூடாது என்று போன் எடுத்து, ஒவ்வொரு பந்தியாக விளங்கப்படுத்தச் சொன்னேன். அந்த ஒபிசில் வேலை செய்யும் அக்கா ஒருவர், பாதி சிங்களம் பாதி தமிழில், முக்கால் மணித்தியாலம் பொறுமையாகச் சொன்னார். சாரம் இதுதான்: உனக்கோ உன் காருக்கோ ஏதும் நடந்தால் உன் பொறுப்பு, பாதையின் தடுப்பை உடைத்தால் அதற்கும் நீ காசு கட்ட வேண்டும். கசப்புத்தான். ஆனால் தெரிந்து வைக்கிற கையெழுத்து.

காரைப் பொறுத்தவரை, பெரிய ஆட்டம் எதுவும் ஆடவில்லை. போகிற காரிலேயே திரும்பி வீட்டுக்கு வர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஹாலிஎல கராஜ் பாஸ் சொன்னது, "என்ஜினத் தொடாத, பிரேக்கப் பாரு." பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. புதிய டொட் 3 ஒயில் 205 பாகை செல்சியசுக்குக் கீழே கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு 140 வரை இறங்கலாம். டொட் 4 என்றால் 230உம் 155உம். ஒயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி, ஆவி வந்தால் மிதியடி பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. பழைய ஒயிலை முழுக்க எடுத்துவிட்டு டொட் 4 ஊற்றினோம். பிரேக் பேட் மாற்றினோம். டயர் நாலும் பார்த்தோம். வேறு ஒன்றுமில்லை.

"நானும் வாறேன்" என்று கடைசி நாள் அப்பா சொன்னார். ராத்திரி பதினொரு மணிக்குப் புறப்பட்டோம். அப்புத்தளை தாண்டி பெரகல இறக்கத்தில் அப்பா தூங்காமல் என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பிரேக்க நம்பி எறங்காத. கியர நம்பி எறங்கு" என்றார். சின்ன வயசிலிருந்து கேட்ட வசனம்.

காலையில் கட்டுக்குருந்தவில் முதல் வேலை கார் பரிசோதனை. என் பற்றரியின் கட்டு தளர்ந்திருந்தது. அதைக் கட்டி இறுக்கும்வரை உள்ளே விட மாட்டோம் என்றார்கள். காருக்குள் கிடந்த தண்ணீர்ப் போத்தல், குடை, கடலைப் பை எல்லாம் வெளியே. இழுத்துச் செல்லும் கொக்கி எங்கே என்று காட்ட வேண்டும். ஹெல்மட் வாடகைக்குக் கிடைத்தது. பிறகு வகுப்பு. மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிற்கிறது, மெதுவாக உள்ளே வா. நீலம் என்றால் பின்னால் வேகமான கார் வருகிறது, வழிவிடு. கறுப்பு என்றால் உன்னோடுதான் பேச வேண்டும், உள்ளே வா. மஞ்சளைப் பற்றிச் சொல்லும்போது அந்தப் பயிற்சியாளர் ஒருமுறை நிறுத்தி எல்லார் முகத்தையும் பார்த்தார். தியத்தலாவையின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் விளங்கியது.

ஓட்டம் எப்படி இருந்தது? முதலில், மலை ரோட்டில் ஓட்டிய என் பெருமை இரண்டாவது சுற்றிலேயே போய்விட்டது. நான் வளைவுக்குள்ளே போய்த்தான் பிரேக் மிதித்துக்கொண்டிருந்தேன். நேராக இருக்கும்போதே மிதித்து முடி, பிறகு திருப்பு, கண் போகிற இடத்துக்குத்தான் கார் போகும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தந்தார்கள். பசறை முடக்கில் அன்று டயர் ஏன் வழுக்கியது என்பது எனக்குக் கட்டுக்குருந்தவில்தான் தெரிந்தது. அந்த ஒரு பாடத்துக்கே இருபத்திரண்டு பேர் தகும் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இரண்டாவது ஓட்டத்தில் ஒரு விலை உயர்ந்த டேர்போ கார் வளைவில் வைத்து என்னை உரசுகிற மாதிரி முந்திப் போனது. அடுத்த சுற்றில் அவனுக்குக் கறுப்புக் கொடி. அந்த ஓட்டம் முழுக்க வெளியே உட்கார்த்தினார்கள். காசு கட்டியிருக்கிறேன் என்று கத்தினான். யாரும் மசியவில்லை. பெரிய கார்க்காரனுக்கு ஒரு சட்டம், என் மார்ச்சுக்கு ஒரு சட்டம் என்று இருக்கவில்லை. சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறேன் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது ஓட்டத்தில் எனக்கே மிதியடி கொஞ்சம் மெத்தென்று இருந்தது. இன்னும் ஒரே ஒரு சுற்று என்று மனசு சொன்னது. போகாமல், பிரேக் தொடாமல் மெதுவாக ஒரு சுற்று வந்து காரை ஆறவிட்டு உள்ளே கொண்டுவந்தேன். அப்பா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர், வாசத்தைப் பிடித்துக்கொண்டே வந்தார். "ஹேண்ட்பிரேக் இழுத்துறாத, ஒட்டிக்கும். கல்லு வையி" என்றார். அதையே சொல்வதற்காக ஓடிவந்த பயிற்சியாளர், "ஐயா எந்த ட்ராக்ல ஓட்டியிருக்கீங்க?" என்று கேட்டார். அப்பா சிரித்துக்கொண்டு, "கொழுந்து ட்ராக்" என்றார்.

வரும் வழியில் ஒன்று நினைத்தேன். நுவரெலியாவில் மாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. அந்தக் காலத்தில் துரைமார் சொந்தக் காரில் தோட்டத்துப் பாதையில் விளையாடினார்கள். அந்த மாதிரிப் பாதைகளுக்குக் கல் உடைத்தவர்கள் நம்மவர்கள். இன்றைக்கு நான் சொந்தக் காரில் போனேன் என்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. ஆனால் என்னோடு பசறை வீதியில் ஓட்டிய மற்ற நாலு பேரால் இருபத்திரண்டு பேர் கட்ட முடியாது. அவர்கள் இன்னும் அந்த ரோட்டில்தான் இருக்கிறார்கள். ட்ராக் டே அவர்களுக்கு விடை இல்லை என்பதை நான் மறைக்கப் போவதில்லை. ஒன்று மட்டும் செய்திருக்கிறோம். அடுத்த முறை கொடி பிடிக்கும் வேலைக்கு ஆள் எடுப்பார்களா, பயிற்சி தருவார்களா என்று அந்த அக்காவிடம் கேட்டோம். இரண்டு பேரை அனுப்பச் சொன்னார். அதற்குக் கட்டணம் இல்லை. மஞ்சள் கொடியைக் கையில் பிடித்துப் பார்த்தவன் ரோட்டில் எப்படி ஓட்டுவான் என்று பார்க்க எனக்கும் ஆசைதான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா காரைச் சுற்றி வந்து பார்த்தார். கீறல் இல்லை. "என்னத்தடா படிச்ச?" என்றார்.

"பிரேக் பிடிக்க."

"அதத்தானே உங்கப்பா இத்தன வருஷமா சும்மா சொல்லிக்கிட்டு இருந்தாரு?"

பதில் சொல்லத் தெரியவில்லை. இப்போது அந்த முடக்கு வரும்போது நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்து, ஒருமுறை ஹோர்ன் அடித்துவிட்டுத்தான் திரும்புகிறேன். டோர்ச் வெளிச்சம் தெரிந்தால் நிறுத்தி ஏற்றிக்கொண்டு போய் வேலைத்தலத்தில் இறக்கிவிடுகிறேன். அவருக்கு என்னை ஞாபகம் இருக்கிறதா என்று இதுவரை கேட்கவில்லை.